குயினோலோன் மருந்துகளும் நமது கடற்கரைக் குடியானவர்களும்

(தங்கச்சிமடம் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

‘பிளாக்சசின்’ என்று முடியும் பெயர்களையுடைய மருந்துகளைப்பற்றி நமது இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரக் கிராமங்களில் அடிக்கடி பேச்சு நிகழ்கின்றது. இறால் குட்டை வைத்திருப்போரும், கோழி வளர்ப்போரும், வெள்ளாடு வளர்ப்போரும் இவற்றைப்பற்றி எம்மிடம் விசாரிக்கின்றனர். கால்நடை வைத்தியம் எமது இலாகாவின் வேலையன்று. ஆயினும் குடியானவருக்கு இலாகாக்களின் எல்லை ஒரு பொருட்டன்று. இன்ன மருந்தை எத்தனை மில்லி கலக்கலாம் என்பதே பெரும்பாலும் கேள்வி. அம்மருந்து யாது, எங்கிருந்து வந்தது, கிருமியை எவ்வாறு கொல்லுகின்றது, சில சமயம் ஏன் கொல்லாமற் போகின்றது என்று கேட்போர் அரியர். பின்னைய கேள்விகளுக்கு விடை அறிந்தவர் முன்னைய கேள்வியைக் கேட்கமாட்டார் என்பது எமது அபிப்பிராயம். ஆகையால் இக்கட்டுரையில் ரஸாயன விஷயம் சற்று அதிகமாக வருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இம்மருந்துக் குடும்பத்தின் வேர், நாம் அறிந்த கொயினாவில் இருக்கின்றது. மலைச்சுரத்திற்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சின்கோனா மரம் 1860ஆம் வருஷத்தையொட்டித் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சர்க்கார் தோட்டங்களில் பயிராயிற்று. கொயினாவைக் காரத்துடன் சேர்த்து வடித்த ரஸாயன சாஸ்திரிகள் 1842இல் அதிலிருந்து குயினோலின் என்ற எண்ணெயைப் பெற்றனர். அதே எண்ணெய் 1834இலேயே நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு அறுகோணங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டியிருப்பதே அதன் வடிவம். ஒன்பது கரி அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் மூலைகளில் உள்ளன. இவ்வடிவத்தை ஆதாரமாக வைத்து ஜெர்மனியில் 1934இல் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து செய்யப்பட்டது.

குளோரோகுயினை அமெரிக்காவில் ஸ்டெர்லிங்-வின்த்ராப் என்ற கம்பெனி தயாரித்தபோது, வேண்டாத உபபொருள் ஒன்று சேர்ந்து வந்தது. எள்ளை ஆட்டும்போது பிண்ணாக்கு வருவதுபோல் வந்த அதனை எறிந்துவிடாமல் பரீட்சித்துப் பார்த்ததில், அதற்குப் பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் குணம் சிறிது உண்டென்று தெரிந்தது. ஜார்ஜ் லெஷர் என்பவரும் அவருடைய சகாக்களும் அதனைத் திருத்தியமைத்து 1962இல் நாலிடிக்ஸிக் அமிலத்தை வெளியிட்டனர். குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுவே. கணக்காகச் சொன்னால் இது குயினோலோனும் அன்று. எட்டாம் இடத்தில் கரி அணுவுக்குப் பதிலாக மற்றொரு நைட்ரஜன் அமர்ந்திருப்பதால் ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்லவேண்டும்.

மேற்படி வடிவத்தில் நைட்ரஜன் இருக்கும் மூலையை முதலிடமாக வைத்து எண்ணிக்கொண்டு போனால், மூன்றாம் இடத்தில் ஓர் அமிலத் தொகுதியும் நான்காம் இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இருக்கும். குடும்பம் முழுவதிலும் மாறாதவை இவ்விரண்டே. நண்டின் இரண்டு கொடுக்குகள்போல் இவை மக்னீஷியம், கால்ஷியம், இரும்பு முதலிய உலோக அணுக்களைக் கவ்விக்கொள்ளும். மருந்தின் வேலையும் இந்தக் கொடுக்கினாலே. மருந்தின் தோல்வியும் பல சமயங்களில் இந்தக் கொடுக்கினாலே. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் கடல் ஜலத்தைப்பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கிருமியினுள் இம்மருந்து செய்யும் வேலையைக் கயிறு திரிப்பவர்களுக்கு விளக்குவது எளிது. உயிரணுவில் பரம்பரைக் குணங்களை எழுதிவைத்துள்ள டி.என்.ஏ. என்னும் இழை, இரண்டு புரி முறுக்கிய கயிற்றைப் போன்றது. முறுக்கிய கயிற்றை நடுவில் பிரித்தால் பிரித்த இடத்துக்கு அப்பால் முறுக்கு ஏறி இறுகுவதை எவரும் பார்த்திருப்பர். கிருமி பெருகுவதற்குத் தன் இழையைப் பிரித்தாகவேண்டும். அப்போது ஏறும் முறுக்கைத் தளர்த்துவதற்கு ஜைரேஸ் என்னும் என்சைம் இருக்கின்றது. 1976இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த என்சைம் இரு புரிகளையும் அறுத்து, இடையில் மற்றொரு பகுதியைச் செலுத்தி, மறுபடியும் அறுந்த முனைகளைப் பொருத்திவிடும். அறுத்த கணத்தில் குயினோலோன் அவ்விடத்தில் வந்து, ஒரு மக்னீஷியம் அணுவைப் பாலமாகக்கொண்டு செருகிக்கொள்ளுகின்றது, முனைகள் பொருந்துவதில்லை. கயிறு அறுந்தே கிடக்கக் கிருமி மடிகின்றது. இதற்கு ஒத்த வேலையைச் செய்யும் டோபோஐசோமரேஸ் நான்கு என்ற இன்னொரு என்சைமும் உண்டு. அதனையும் இம்மருந்துகள் தாக்கும்.

இனித் தலைமுறைகளைக் கூறுவோம். முதல் தலைமுறையாகிய நாலிடிக்ஸிக் அமிலம், ஆக்ஸோலினிக் அமிலம் முதலியன மூத்திரத்தில் மட்டும் போதிய அளவில் சேர்ந்தன. ஆகவே நீர்த்தாரை நோய்களுக்கே உதவின. கிருமிகளும் விரைவில் அவற்றுக்குப் பழகிவிட்டன. ஆறாம் இடத்தில் ஒரு ப்ளோரின் அணுவையும், ஏழாம் இடத்தில் பைப்பரஸீன் என்ற வளையத்தையும் சேர்த்து ஜப்பானியர் நார்பிளாக்சசினைச் செய்ததே பெருந்திருப்பம். அதில் முதலிடத்து நைட்ரஜனில் தொங்கும் வாலை எடுத்துவிட்டு, மூன்று கரி அணுக்களாலான சிறு முக்கோணம் ஒன்றை ஜெர்மனியின் பேயர் கம்பெனியார் வைத்தனர். அதுவே 1987இல் விற்பனைக்கு வந்த சிப்ரோபிளாக்சசின். ஓரணுவும் ஒரு முக்கோணமும் மாறியதால் மருந்தின் வன்மை பன்மடங்காயிற்று. இவை இரண்டாம் தலைமுறை.

ஓபிளாக்சசின் என்பதில் ஒரு விநோதம் உண்டு. நமது மன்னார் வளைகுடாச் சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இருவகை இருப்பதுபோல், அம்மருந்தின் மூலக்கூறுகளிலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல்போன்ற இருவகை சமபாகமாகக் கலந்திருந்தன. கிருமியைக் கொல்லும் வல்லமை பெரும்பாலும் இடக்கை வகையிடமே இருந்தது. அதனை மாத்திரம் பிரித்தெடுத்தது லெவோபிளாக்சசின். நிமோனியாக் கிருமிக்கும் நன்றாக வேலை செய்வதால் இதனை மூன்றாம் தலைமுறை என்பர், சிலர் இரண்டாவதிலேயே சேர்ப்பர். மாக்சிபிளாக்சசின் நான்காவது, பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளையும் அது தாக்கும். கட்சி கட்டி வாதிட இதில் ஒன்றுமில்லை. தலைமுறை என்பது சாஸ்திரச் சொல்லாயிருப்பதுபோலவே வியாபாரச் சொல்லும் ஆகும். பின்வந்தது முன்வந்ததைவிட எல்லாவற்றிலும் மேல் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டுவதில்லை. டெமாபிளாக்சசின் 1992இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ட்ரோவாபிளாக்சசின் ஈரலைக் கெடுத்தது. காட்டிபிளாக்சசின் இரத்தச் சர்க்கரையைக் குலைத்ததால் 2011இல் நமது நாட்டில் உட்கொள்ளும் வடிவில் தடைசெய்யப்பட்டது.

குடியானவருக்கு முக்கியமான மருந்து என்ரோபிளாக்சசின். கால்நடைகளுக்கும் கோழிகளுக்குமென்று விற்கப்படுவது இதுவே. இதற்கும் மனிதர் உண்ணும் சிப்ரோபிளாக்சசினுக்கும் உள்ள வித்தியாசம், பைப்பரஸீன் வளையத்தின் நுனியில் இரண்டு கரி அணுக்களும் ஐந்து ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு சிறு தொங்கல்தான். அத்தொங்கலையும் பிராணியின் ஈரல் கழற்றி எறிந்துவிடுகின்றது. கழற்றியபின் எஞ்சுவது சிப்ரோபிளாக்சசின். சென்ற வருஷம் கோழி வளர்க்கும் அம்மையார் ஒருவர், “ஐயா, மனுஷருக்குக் கொடுக்கிற மருந்து கோழிக்கு ஆகாதா?” என்று எம்மைக் கேட்டார். “ஆகும் அம்மா, கஷ்டமே அதுதான்” என்றோம். சீட்டு வேறு, புட்டி வேறு, விலை வேறு. கிருமிக்கோ இரண்டும் ஒன்றே. கோழியின் குடலில் என்ரோபிளாக்சசினுக்குப் பழகிய கிருமி, நமது குழந்தையின் குடலில் சிப்ரோபிளாக்சசினுக்கு அஞ்சாது.

இது வெறும் யூகமன்று. அமெரிக்க சர்க்கார் 1995இலும் 1996இலும் இவ்வகை மருந்துகள் இரண்டைக் கோழிகளின் குடிநீரில் கலக்க அனுமதித்தனர். அதன்பின் மனிதருக்குப் பேதியை உண்டாக்கும் காம்பிலோபாக்டர் கிருமியில் எதிர்ப்பு பெருகுவதைக் கண்டு, 2000இல் அனுமதியை ரத்து செய்ய யோசனை வெளியிட்டனர். ஒரு கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. மற்றது ஐந்து வருஷம் வழக்காடியது. 2005ஆம் வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதியே தடை அமலுக்கு வந்தது. அனுமதிக்க ஆன காலத்தைவிட அதனை நீக்க ஆன காலம் நீண்டது என்பதைக் கவனிக்க. ஆஸ்திரேலியாவில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு இவற்றை ஆதியிலிருந்தே அனுமதிக்கவில்லை. அங்கு இவ்வெதிர்ப்பு நெடுங்காலம் குறைவாகவே இருந்துவந்தது.

நமது நாட்டின் கதை டைபாய்டு ஜுரத்தில் தெரியும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அந்த ஜுரத்தின் கிருமி பழைய மருந்துகளாகிய குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்ஸசோல் மூன்றுக்கும் ஒருங்கே அடங்காமற் போயிற்று. அப்போது கைகொடுத்தது சிப்ரோபிளாக்சசின். பத்து வருஷங்கள் செல்லவில்லை. அதற்கும் கிருமி பழகலாயிற்று. இப்பொழுது இந்தியாவில் கிடைக்கும் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை இவ்வகை மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. வைத்தியர்கள் செப்ட்ரையாக்சோன் ஊசியையும் அஸித்ரோமைசினையும் நாடுகின்றனர். இங்கே மூத்த பிள்ளையின் உபகாரம் ஒன்றைக் கூறவேண்டும். ஜைரேஸ் என்சைமின் 83ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற கண்ணி மாறினால், நாலிடிக்ஸிக் அமிலம் அறவே தோற்கும்; சிப்ரோபிளாக்சசின் பாதி தோற்கும். ஆதலின் பரிசோதனைச் சாலையில் நாலிடிக்ஸிக் அமிலம் தோய்ந்த சிறு வட்டத்தை வைத்துப் பார்த்து, அதைச் சுற்றிக் கிருமி வளர்ந்தால், சிப்ரோபிளாக்சசினையும் நம்பவேண்டாம் என்று வைத்தியருக்கு எழுதியனுப்பினர். வழக்கொழிந்த மருந்து எச்சரிக்கை மணியாக உதவியது.

கண்ணி மாறுதல் அக்கிருமியின் சந்ததியோடு நிற்கும். அதைவிடக் கவலைக்குரியது, ஒரு கிருமியிலிருந்து மற்றோர் இனக் கிருமிக்குக் கைமாறும் எதிர்ப்பு. ‘க்யூ.என்.ஆர்.’ என்று பெயரிடப்பட்ட அத்தகைய மரபணு 1998இல் அமெரிக்க நோயாளி ஒருவரின் கிருமியிலிருந்து வெளிப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் 2005இல் அதன் பிறப்பிடத்தைக் கண்டனர்; அது ஷெவனெல்லா ஆல்கே என்ற கடல்வாழ் பாக்டீரியா. அதன் பங்காளி மரபணு ஒன்று விப்ரியோ இனக் கடற்கிருமிகளைச் சேர்ந்தது. அதாவது இவ்வெதிர்ப்பின் விதை ஆஸ்பத்திரியில் முளைத்ததன்று. கடல் ஜலத்திலேயே இயற்கையாக இருப்பது. கடல் ஜலம் நிறைந்த குட்டையில் இம்மருந்தை ஊற்றுவது, அந்த விதைக்கு உரமிட்டுக் களையெடுத்துக் கொடுப்பதாகும். இறால் வளர்ப்போர் இந்த ஒரு விஷயத்தை மாத்திரம் மனத்திற்கொண்டாலும் இக்கட்டுரை எழுதிய சிரமம் வீணன்று.

இனி, முன்னே சொன்ன கொடுக்கிற்கு வருவோம். கடல் ஜலம் ஒரு லிட்டரில் மக்னீஷியம் ஏறக்குறைய 1,300 மில்லிகிராமும், கால்ஷியம் ஏறக்குறைய 400 மில்லிகிராமும் கரைந்திருக்கின்றன. அந்த ஒரு லிட்டரில் ஒருவர் 10 மில்லிகிராம் என்ரோபிளாக்சசின் கலப்பதாக வைத்துக்கொள்வோம். அணு எடைகளைக்கொண்டு கணக்கிட்டால், மருந்தின் ஒவ்வொரு மூலக்கூறையும் ஏறக்குறைய 1,900 மக்னீஷியம் அணுக்கள் சூழ்ந்திருக்கும். கொடுக்குகள் கவ்விய மருந்து கிருமியின் தோலைக் கடந்து உள்ளே போவது குறையும். நன்னீரில் வேலை செய்யும் அளவு கடல்நீரில் வேலை செய்யாததன் காரணம் இதுவே. மருந்து பலிக்கவில்லை என்று இன்னும் இரு மடங்கு ஊற்றுவோர் மருந்துக் கம்பெனியின் லாபத்தைப் பெருக்குகின்றனர். ஊற்றிய மருந்து அழிந்தும் போவதில்லை. வெயில் படும் மேல்நீரில் சிதையுமேயொழிய, அடிச்சேற்றில் ஒட்டியது நெடுநாள் தங்கும். கொல்லும் அளவுக்குக் குறைந்தும், பழக்கும் அளவுக்குப் போதுமானதுமாய் அங்கே கிடக்கும். இதே நியாயத்தால், உவர்க்கிணற்று ஜலத்தில் கலந்து கோழிக்கு வைப்பதும், முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் போட்ட வேளையில் கொடுப்பதும், பால் குடிக்கும் கன்றுக்குப் பாலிலேயே கலந்து புகட்டுவதும் மருந்தை வீணாக்குவதாகும்.

இறாலின் நோய்களிலேயே பெருநஷ்டம் விளைவிப்பன எவை? 1990களின் நடுவில் வந்து நமது கடற்கரைக் குட்டைகளை அழித்த வெண்புள்ளி நோய் வைரஸால் உண்டாவது. வைரஸுக்கு ஜைரேஸ் இல்லை, ஆகவே குயினோலோனுக்கு அங்கே வேலையில்லை. ஈரல்-கணையத்தைத் தாக்கி வளர்ச்சியைக் குன்றச் செய்யும் ஈ.எச்.பி. என்பது காளான் இனத்தை ஒத்த நுண்ணுயிர். அதற்கும் இம்மருந்து பயனில்லை. விப்ரியோ ஒன்றே இம்மருந்துக்கு உரிய பகை. அதற்கும் குட்டை அடிச்சேற்றை வற்றவைத்துக் காயவிடுதலும், குஞ்சு இருப்பைக் குறைத்தலும், மீதித் தீவனம் அழுகாமற் பார்த்தலும் மருந்தைவிட நல்ல சிகிச்சை.

சட்டமும் இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005இல் வந்தது. அதன்கீழ் இறால் வளர்ப்பில் கூடாதென்று குறிக்கப்பட்ட 20 இனப் பொருள்களில் நாலிடிக்ஸிக் அமிலம் பெயர்சொல்லியும், ப்ளோரோகுயினோலோன்கள் ஒரு வகுப்பாகவும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் குஞ்சுப் பொரிப்பகத்திலோ தீவனத்திலோ மறைமுகமாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு. “ஆரோக்கிய டானிக்” என்று பெயரிட்டு, உள்ளடக்கம் எழுதாமல் வரும் புட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2016இல் இந்திய வளர்ப்பு இறாலில் சரிபாதிச் சரக்கைப் பரிசோதிக்கும்படி விதித்தனர். ஒருவர் ஊற்றிய மருந்துக்காக, ஊற்றாதவரின் சரக்கும் துறைமுகத்தில் காத்துக்கிடக்கின்றது. விலை இறங்கும்போது இருவருக்கும் சேர்ந்தே இறங்குகின்றது.

ஆடு, கோழி விஷயத்தில் மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரும் சிலர் உளர். நோயுற்ற பிராணியை வைத்துக்கொண்டு தத்துவம் பேசமுடியாது. கால்நடை வைத்தியர் பார்த்து, சீட்டு எழுதி, சொன்ன நாள்வரை கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. கொடுத்தபின் பொறுத்திருப்பதே முக்கியம். 2012இல் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, தனிக்காலம் குறிப்பிடப்படாத மருந்துக்குப் பாலும் முட்டையும் குறைந்தது 7 நாளும், இறைச்சி 28 நாளும் விற்பனைக்கு ஆகா. மீனுக்கு 500 ‘டிகிரி-நாள்’ என்று கணக்கு. அதாவது ஜலத்தின் உஷ்ணம் 28 டிகிரி சென்டிகிரேடு ஆனால் சுமார் 18 நாள். திருவிழாவை முன்னிட்டு நோய்ப்பட்ட ஆட்டுக்கு ஊசி போட்டு மறுவாரம் சந்தைக்கு ஓட்டுவது இவ்விதிக்கு நேர்விரோதம்.

பயிர்த்தொழிலும் இதற்குப் புறம்பன்று. ஆக்ஸோலினிக் அமிலத்தை ஜப்பானில் நெல்லின் பாக்டீரியாக் கதிரழுகலுக்கு விதை நேர்த்தியாகவும், இஸ்ரேலில் பேரி மரத்தின் தீக்கருகல் நோய்க்குத் தெளிப்பாகவும் பயன்படுத்தினர். இரு தேசங்களிலும் எதிர்ப்புக் கிருமிகள் தோன்றின. இஸ்ரேலில் 1999இலேயே தென்பட்டுவிட்டன. ஜப்பானியக் கிருமியில் மாறியிருந்தது, டைபாய்டு கிருமியில் மாறிய அதே 83ஆம் இடம். நமது நாட்டில் ஸ்டிரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைப் பயிருக்குத் தெளிக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்கு 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் வரைவு ஆணை வெளியிட்டனர். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று வெளி மாகாணங்களுக்கும் போகின்றது. நாற்றோடு மண்ணும், மண்ணோடு கிருமியும் போகின்றன என்பதை நாற்றுப் பண்ணைக்காரர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

“ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள மருந்துத் தொழிற்சாலைகள் ஆற்றில் விடுவதைக் கேட்பாரில்லை, எங்கள் குட்டையில் ஊற்றும் புட்டிதான் கண்ணில் படுகிறதோ?” என்று ஒரு நண்பர் வினவினார். வினா நியாயமானதே. படான்செருவில் பல தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய ஜலத்தில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததாக 2007இல் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைக் காட்டிலும் அது அதிகம். அத்தகைய பெருங்குற்றத்தைத் தடுப்பது சர்க்காரின் கடமை. அதனைச் சொல்ல நாம் அஞ்சவில்லை. ஆனால் அந்த ஆற்று ஜலத்தை நமது பேரப்பிள்ளைகள் குடிப்பதில்லை. நமது கோழியின் முட்டையை உண்கின்றனர்.

பிறிதொன்றும் கூறவேண்டும். மருந்துக்கு அடங்காத க்ஷயரோகத்திற்கு லெவோபிளாக்சசினும் மாக்சிபிளாக்சசினுமே சிகிச்சையின் முதுகெலும்பு. உலகில் க்ஷயரோகிகள் மிகுதியாக உள்ள தேசம் நம்முடையது. இவ்விரு மருந்துகளையும் 2014 மார்ச் முதல் தனி அட்டவணையில் சேர்த்து, வாங்குவோர் பெயரையும் சீட்டு எழுதிய வைத்தியர் பெயரையும் கடைக்காரர் பதிந்துவைக்கும்படி விதித்திருப்பது இதனாலேயே.

சர்க்காரை நாம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். கடலோரக் கிராமத்தார் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், இறந்த கோழியையோ இறாலையோ குட்டை நீரையோ கொடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறியும் பரிசோதனைச் சாலை வேண்டும். இருட்டில் கல்லெறிபவனை வைது பயனில்லை, விளக்கு கொடுக்கவேண்டும். பிராணிகளுக்கான மருந்துப் புட்டியில் உள்ளடக்கமும் பொறுக்கவேண்டிய நாளும் தமிழில், முதியவர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கவேண்டும். என்ரோபிளாக்சசினையும், லெவோபிளாக்சசினுக்கு உள்ளதுபோன்ற பதிவேட்டின்கீழ்க் கொண்டுவரவேண்டும்; ஈரலில் புகுந்தவுடன் மனித மருந்தாக மாறும் ஒன்றை, மாட்டு மருந்தென்று தளர்வாக விடுவதில் ரஸாயன நியாயம் எதுவும் இல்லை.

அதுவரையில், குட்டையிலோ கூண்டிலோ சாவு கண்டவர்கள் மருந்துக் கடைக்குப் போகுமுன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ மீன்துறை அலுவலகத்துக்கோ போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். போகும்போது புதிதாக இறந்த பிராணியைப் பனிக்கட்டியில் வைத்தும், குட்டை நீரைக் கழுவிய புட்டி ஒன்றில் நிரப்பியும், ஏற்கனவே ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதன் காலிப் புட்டியையும் மறைக்காமல் கொண்டுபோகவேண்டும்.